முந்தானை முடிச்சுக்காரர்

— ...அதுக்குன்னு வாசல்லயே நின்னா எப்படி? உள்ள வாங்க.

— இருக்கட்டும் அஞ்சுகம். இங்கயே நிக்கிறேன்.

— மண்டபத்தூர்லேருந்து நெடுங்காட்டுக்கு சைக்கிள் மிதிச்சு வந்திருக்கீங்க. தண்ணியாவது குடிங்க.

— வேணாம்.

— ஏன்... உங்க அம்மா கையால குடுத்தாத்தான் எறங்குமோ?

— அப்படியில்ல...

— எங்கண்ணன் சொல்றது சரியாத்தான் இருக்கு. அம்மாக்கோண்டு. பால்குடி மறக்காத புள்ள.

— டீக்கடைக்குப் போனாலும் அதான். "வாடா, அம்மா விட்டுச்சா"ம்பானுவ.

— சொல்ல மாட்டாங்களா? கட்டுனவள தனியா படுக்க விட்டுட்டு, அம்மா பக்கத்துல பாயப் போட்டு, அவங்க முந்தானை நுனிய கையில முடிஞ்சுக்கிட்டு தூங்குற ஆம்பளைய எங்கயாவது பாத்திருக்கீங்களா?

— அத அண்ணன்கிட்ட சொல்லிட்டியே...

— வெக்கத்த விட்டு சொன்னேன். அவரு ஊரெல்லாம் சொல்லுவாருன்னு கண்டனா?

— சரி விடு. அஞ்சுகம்... எழுபத்தேழுல புயல் அடிச்சுதே...

— ஆமா. உங்க தங்கச்சி அதுல போயிட்டதா சொன்னீங்க.

— செல்லம் அம்மா கையத்தான் புடிச்சுக்கிட்டிருந்திச்சு. தண்ணி இழுத்ததுல கை நழுவிப்போச்சு. அதுலேருந்து, ராத்திரி ஆனா அம்மா எந்திரிச்சு கடலுக்குப் போயிடும். "செல்லம் கூப்புடுதுடா"ங்கும். ரெண்டு தரம் கழுத்தளவு தண்ணியிலேருந்து இழுத்தாந்திருக்கேன்.

— ஐயோ... ராத்திரி கடலுக்குள்ளயா?

— அதுக்குத்தான் முடிச்சு. அம்மா எந்திரிச்சா என் கை இழுபடும்ல.

— இத்தன நாளா... இத ஏன் எங்கிட்ட சொல்லல நீங்க?

— மாமியாருக்கு புத்தி சரியில்லன்னா உங்க வீட்டுல பொண்ணு குடுத்திருப்பாங்களா? பகல்ல நல்லாத்தானே இருக்கும். "எம்மருமவளுக்குத் தெரிய வேணாம்டா, பயந்துக்கும்"னு சத்தியம் வாங்கிக்கிச்சு.

— பாவி நான்... கெளம்புறப்ப அவங்க எதுக்கவே என்ன சொன்னேன்...

— "முந்தானைய விட்டுட்டு வந்து கூப்புடுங்க, வர்றேன்"னு சொன்ன.

— கோவத்துல சொன்னதுங்க அது.

— அம்மா அத மறக்கவேயில்ல. "கட்டாதடா, நான் போவமாட்டேன், நீ போயி அவளக் கூட்டியா"ன்னு தெனம் ஒரே நச்சரிப்பு.

— நான் வர்றேன். இப்பவே வர்றேன். ஒரு நாள் நீங்க முடிஞ்சுக்கங்க, ஒரு நாள் நான் முடிஞ்சுக்கிறேன். ரெண்டு பேருமா பாத்துக்குவோம்.

— அஞ்சுகம்...

— பைய எடுத்துட்டு வந்துர்றேன். மொதல்ல இந்தத் தண்ணிய வாங்குங்க. வெயில்ல மொகமே கறுத்துப்போயி கெடக்கு.

— எழவு சொல்ல வந்தவன் தண்ணி வாங்கிக் குடிக்கக் கூடாது அஞ்சுகம். நேத்து ராத்திரி நான் முடிச்சுப் போடாம படுத்துட்டேன்.