ரெண்டாவது டிஸ்க்

இல்லங்க தம்பி, இந்த டிஸ்க் பிளேயர்ல ரிப்பேர்லாம் ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் ஓடுது, அதான் பிரச்சினையே. பிரிச்சுப் பாக்க வேண்டாம், அப்படியே உள்ள வைங்க. பதிலுக்குப் பழைய மாடல் பிளேயர் ஒண்ணு குடுங்க. படம் கொஞ்சம் மங்கலாத் தெரியுமே, அது.

சிரிக்காதீங்க. ஹெச்டி ஹெச்டின்னு அன்னைக்கு இந்தக் கடையில நீங்க ஆடுன ஆட்டம் எனக்கு மறக்கல. டிவியில ஒரு தவளையக் காட்டி, அது முதுகுல இருக்கற புள்ளிய எண்ணலாம் சார்னீங்க. அத எண்ணி நான் என்ன பண்ண? தவளைக்கு வரனா பாக்கறேன்? எம் மருமகன் மட்டும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னாரு. மாமாவுக்கு இதான் வேணும்னு அவரே முடிவு கட்டிட்டாரு.

கூட வாங்கின டிவிய வீட்டுல மாட்டிப் பாத்தா, நியூஸ் படிக்கிற அம்மா மூஞ்சியில பவுடர் திட்டுத் திட்டா நிக்குது. நாப்பது வருஷமா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் நான். எந்தச் சுவரையும் மூக்கு முட்ட நின்னு பாத்தா அசிங்கந்தான் தம்பி. நாலடி தள்ளி நின்னு பாக்கத்தான் பெயிண்டே. இத உங்க கம்பெனிக்காரனுக்கு யாரும் சொல்லல போல.

என்னது, இன்னும் பெரிய டிவியா? ஆமாமா, அதான் பாக்கி. அடுத்த வருஷம் இதவிடத் தெளிவா ஒண்ணு வரும், அப்ப இதக் குப்பைன்னு நீங்களே சொல்லுவீங்க. கூச்சமே கிடையாது உங்களுக்கெல்லாம்.

டிஸ்க்கா? உள்ள எதுவும் இல்ல, எடுத்துட்டேன். வாங்கினதுலேருந்து போட்டதே ஒண்ணுதான், எம் பொண்ணு கல்யாணம். வீடியோகாரர் அப்பவே ரெண்டு டிஸ்க் குடுத்திருந்தாரு. ஒண்ணு சாதாரணம், ஒண்ணு ஹெச்டி. சாதாரணத்த ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமையானா போட்டுப் பாப்போம். முன்னாடி பொண்ணு மாப்பிள்ள நிப்பாங்க, பின்னாடி கூட்டம் எல்லாம் ஒரே கலங்கல். யாரு எவருன்னு தெரியாது. யாருக்கும் ஒரு குறையும் இல்ல.

இதுல ரெண்டாவதப் போட்டா, கடைசி வரிச நாற்காலி வரைக்கும் பளிச்சுன்னு தெரியுது. அங்க நானும் எங்க அண்ணனும் பேசிக்கிட்டு நிக்கறோம்.

பேச்சா? பேச்சு எங்க கேக்கும், பாட்டுச் சத்தந்தான். ஆனா எம் பொண்டாட்டிக்கு அது வேண்டியதில்ல. காய்ச்சல்ல காது போயி ஒம்பது வருஷம் ஆச்சு. உதட்டப் பாத்தே சொல்லிடுவா. தெருவுக்கு அந்தாண்ட ரெண்டு பேரு பேசினாக்கூட அவளுக்குத் தெரியும்.

அண்ணன் கேட்டாரு, எப்படிடா நீ இவளச் சமாளிக்கறேன்னு. மூணு நாளா தூக்கம் இல்ல தம்பி எனக்கு, கல்யாண வேல. அந்த எரிச்சல்ல சொல்லிட்டேன். இவ எதிர்ல நின்னு நின்னு பேசி எனக்கு உசிரே போகுது, அந்தக் காய்ச்சல்ல ஆளே போயிருந்தா ஒரேயடியா அழுது முடிச்சிருப்பேன்னு.

அந்த இடத்துல அவ படத்த நிறுத்தினா. பின்னாடி ஓட்டினா. மறுபடி பாத்தா. மூணு தடவ. அப்புறம் டிவிய அமத்திட்டு, சாப்பிட வாங்கன்னா. அவ்வளவுதான்.

பதினோரு நாள் ஆச்சு. சமையல் எல்லாம் நடக்குது, துணியெல்லாம் மடிச்சு வைக்கறா. என் மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டேங்கறா. பாக்காதவகிட்ட நான் எப்படிப் பேச? எதிர்ல போயி நின்னா சுவரப் பாக்கத் திரும்பிக்கறா. தோளத் தொட்டா கண்ண மூடிக்கறா.

எழுதிக் காட்டலாமேங்கறீங்க. அதையும் பண்ணிட்டேன். மன்னிச்சுடுன்னு பெருசா, கொட்ட கொட்டயா எழுதி, அடுப்புப் பக்கத்துல வச்சேன். படிச்சா. அவ்வளவு அமைதியாச் சொல்றா தம்பி, அன்னைக்கு அத எழுதியா சொன்னீங்கன்னு.

பில்லு இந்தாங்க. எங்க கையெழுத்துப் போடணும்?