ஒரு சிட்டிகை சுர்மா

பீர் முஹம்மது: இப்பல்லாம் இன்னா மரியாத கீது? ஊடு பூந்து செவுத்த சுரண்டறாங்க, கொழாத் தண்ணிய பாட்டில்ல புடிக்கறாங்க... போன வாரம் மஞ்சப்பொடி டப்பாவயும் தொறந்தாச்சு, இப்ப மறுபடி வந்தாச்சு!

ஹம்சினி: சும்மா வரல பாய். உங்க பேத்தி இஃப்ரா ரத்தத்துல ஈயம் இருக்கு. எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கத்தான் காலேஜ்லேருந்து...

பீர் முஹம்மது: ரெண்டு வயசுப் புள்ள கைய குத்துனது நீதானா?

தபஸ்ஸும்: மாமா! அவங்க நம்ம நல்லதுக்குத்தான...

பீர் முஹம்மது: நீ சும்மா இரும்மா. ஏம்மா, தண்ணில ஈயம் இருந்துச்சா?

ஹம்சினி: இல்ல.

பீர் முஹம்மது: செவுத்துல?

ஹம்சினி: இல்ல பாய். மஞ்சள்லயும் இல்ல.

பீர் முஹம்மது: அப்பறம் இன்னா? கெளம்பு.

ஹம்சினி: கண்ணுக்குப் போடற சுர்மா மட்டும் பாக்கி. ஒரு சிட்டிகை போதும்.

பீர் முஹம்மது: ...அது கடைல வாங்குனது. தீந்துபோச்சு.

தபஸ்ஸும்: தீந்துடுச்சா? வெள்ளிக்கெழம நான் குளிக்கப் போனப்ப இஃப்ரா கண்ணுல அப்புனது யாரு மாமா?

பீர் முஹம்மது: போட்டா இன்னா தப்பு? ஜும்மாவுக்கு முன்ன எல்லாரும் வரிசையா ஒக்காருவோம். உங்க மாமி மோவாயப் புடிச்சு நிமித்துவா. “சிமிட்டாத, சிமிட்டாத”ம்பா. எனக்கு மட்டும் பொலபொலன்னு தண்ணி ஊத்தும். புதுமாப்ள அழுவுறாருன்னு ஊடே சிரிக்கும்... ஈயத்தால அவளுக்கு இன்னா ஆச்சு? கடைசி வரைக்கும் கண்ணாடி இல்லாம ஊசில நூல் கோத்தா!

ஹம்சினி: சின்னக் குழந்தைக்கு சீக்கிரம் ஏறும் பாய். கண்ணக் கசக்கிட்டு அதே கைய வாயில வைக்குது. மூளை வளர்ற வயசு... பேச்சு, படிப்பு எல்லாத்தயும் பின்னால இழுக்கும்.

பீர் முஹம்மது: காலேஜ்ல சொல்லிக் குடுத்த பாட்டு.

ஹம்சினி: நம்ப வேணாம். குடுங்க, மெஷின்ல போட்டுக் காட்டறேன்.

பீர் முஹம்மது: திருப்பித் தருவியா?

ஹம்சினி: ...இல்ல. ஆசிட்ல கரைச்சாத்தான் தெரியும்.

தபஸ்ஸும்: அதுக்குப் போயி இவ்ளோ யோசனையா மாமா? புதுசு வாங்கிக்கலாம்.

பீர் முஹம்மது: எவன் விப்பான் அத? கடைல வாங்குனது இல்லம்மா... போன ரம்ஜானுக்கு முன்ன உங்க மாமி சகினாவே சுர்மாக் கல்லப் பொடிச்சு, பன்னீர் ஊத்தி அரைச்சா. பெருநாளுக்கு அவ இல்ல. குப்பி அடில இவ்ளோதான் மிச்சம். இஃப்ரா கண்ணுல இட்டா... ஒரு நிமிஷம் அவளே பாக்கற மாதிரி கீது. இந்தா, மொத்தமும் கொண்டு போ. உன்ன நம்பிக் குடுக்கல. புள்ளைக்கு ஏதாச்சும்னா சகினா என்னயத்தான் கேப்பா. ஈயமாம், ஈயம்... நவுரு, தொழுகைக்கு நேரமாச்சு.