பதினோரு பேரின் சுருதி

நான் எங்கே போனாலும் அரைமணி முன்னதாகவே போய்விடுவேன், சார். தியாகராய நகர் கல்யாண மண்டபத்து மாடியில் ஒத்திகை நடந்த இரண்டு மாதமும் நான்தான் முதல் ஆள்.

வெள்ளைத்துரையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஜாஸ் டிராம்போனில் இந்த ஊரில் அவருக்கு நிகர் கிடையாது; நானே சொல்கிறேன். அறுபத்தாறு வயதில், பன்னிரண்டு பித்தளை வாத்தியங்களை வைத்து இசைத்தட்டு போட ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டது. தனி வாசிப்பு முழுக்க அவருக்கு. பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் ஊதுகிற நான் வழக்கம்போல ஒப்புக்குச் சப்பாணி. வயிறு எரியாதா, சொல்லுங்கள்.

டிராம்போனில் பொத்தான் கிடையாது. குழாயை இழுத்து, காதால்தான் ஸ்வரத்தைப் பிடிக்க வேண்டும்.

மற்ற பத்துப் பேரும் கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசிப்பவர்கள். நான் ஊதிக் காட்டும் ஸ்வரத்துக்குத்தான் சுருதி சேர்ப்பார்கள். ஒரு மயிரிழை இறக்கிக் கொடுத்தேன். சாந்தோமிலிருந்து பஸ் பிடித்து அவர் கடைசியாக வருவார். ஊதினால் அவர் மட்டும் தனியாக, பிசிறாகக் கேட்கும்.

முதலில் எல்லோரையும் திட்டித் தீர்த்தார். “பதினோரு பேருமா ராங்கு, மாஸ்டர்?” என்று மரியாதையாகத்தான் கேட்டேன். பிறகு அவர் தன் குழாயை எங்களுக்கு ஒத்து இறக்கிப் பார்த்தார். மறுவாரம் நான் இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

சந்தேகம் தீர, சுருதிக் கவை ஒன்று என்னைக் கொண்டுவரச் சொன்னார். தட்டினால் எப்போதும் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் இரும்புக் கவை அது. கொண்டுபோனேன். அவர் சட்டைப்பையில் நீங்கள் எடுத்தது அதுதான். இரண்டு கிளையும் சேருகிற அடியில் அரம் பட்ட தடம் தெரியும், பாருங்கள். அங்கே ராவினால் ஸ்வரம் இறங்கும்.

தட்டித் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். கவையும் எங்கள் பக்கம்தான் பேசியது.

“கருணா, எங்காதுல இன்னாமோ ஆயிப்போச்சு நைனா. நீ கூடவே கீறியே, நெஜத்த சொல்லு. போய்டுச்சா?”

“வயசாவுது இல்ல மாஸ்டர்” என்றேன்.

வாத்தியத்தை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலை சாந்தோம் மீனவர்கள் அவரைக் கரையில் கண்டெடுத்தார்கள்.

நான் யாரையும் கடலில் தள்ளவில்லை, சார். அவர் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை, பன்னிரண்டு பேரில் சரியாக வாசித்தவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வியாழக்கிழமை ரெக்கார்டிங் இருந்தது. அவர் இடத்தில் நான் வாசித்தேன். அவர் மட்டும் இருந்து கேட்டிருந்தால், என்னைத் தட்டிக்கொடுத்திருப்பார்.