அரை மூடி மருந்து

அழல்லாம் மாட்டேன் மிஸ். அந்த டிஷ்யூ டப்பாவை இந்தப் பக்கம் தள்ளாதீங்க. ஆமா, இருமல் மருந்துதான். ஆமா, ஸ்கூல் பாத்ரூம்ல நின்னு குடிச்சேன், கூட்டுற ஆயா பார்த்துட்டாங்க. இதுல மறைக்க என்ன இருக்கு?

எத்தனை நாளாவா? ஒன்பதாவதுலேர்ந்து, இப்போ பதினொண்ணாவது. எழுதிக்கோங்க. ஆனா அந்த ஃபாரத்துல சேர்க்கை சரியில்லைன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல டிக் போட்டுறாதீங்க. என் பிரெண்டுங்க பாவம், டீ குடிச்சாலே தூக்கம் வரலன்னு புலம்புற கேஸுங்க. வீட்லயும் குடிக்கிற ஆளு கிடையாது. எங்கப்பா ஒரு சொட்டு தொட மாட்டாரு. வெளியில கேட்டுப் பாருங்க, தங்கமான மனுஷன்பாங்க. போன மாசம் பேரன்ட்ஸ் மீட்டிங்ல நீங்களே அவர்கூட சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்க.

எங்க வீட்டுத் தட்டைப் பார்த்ததில்லையே நீங்க? ஒண்ணாவது தரையில நேரா உக்காருமா? எல்லாம் சுவத்துல பட்டு நெளிஞ்சது. கண்ணாடி டம்ளர் வாங்குறதையே விட்டாச்சு. ஏழு மணிக்கு அவரு ஷூ கழட்டுற சத்தத்துலயே அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். மெதுவா வச்சா, சாப்பாடு. உதைச்சுத் தள்ளினா, அம்மா போய் அலமாரியைத் திறப்பாங்க.

எதுக்கா? மருந்துக்குத்தான். எனக்கு அப்போ ஆறு வயசு. குடிச்சுட்டுப் படு கண்ணுன்னு அரை மூடி. அப்புறம் அது முழு மூடியாச்சு. ஒரு சத்தமும் கேக்காது. காலையில பார்த்தா அம்மா உதடு வீங்கியிருக்கும், கதவுல இடிச்சுக்கிட்டேன்பாங்க. எங்க வீட்டுக் கதவு மாதிரி பொல்லாத கதவு ஊர்லயே கிடையாது மிஸ்.

எங்கம்மாவை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது! முகத்தைச் சுளிக்காதீங்க, கெட்ட கோவம் வரும் எனக்கு. பிள்ளைங்க காதுல விழாம இருக்கட்டும்னு நெனச்சாங்க. அவங்க கையில வேற என்ன இருந்துச்சு, சொல்லுங்க? யாராவது வந்து கேட்டீங்களா?

வெளியில செருப்புச் சத்தம் கேக்குது. அம்மாவா? வரச் சொல்லிட்டீங்களா?

சரி, சஸ்பெண்ட் பண்ணுங்க. டிசி கொடுங்க. நான் கெட்டவன்னு கொட்டை எழுத்துல எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன். ஆனா பசங்ககிட்ட பறிச்ச பொருளைப் பெத்தவங்க கையிலதான் திருப்பிக் கொடுப்போம்னு ஒரு ரூல் வச்சிருக்கீங்களே, அது மட்டும் வேணாம். அந்த பாட்டிலை அம்மாகிட்ட கொடுக்காதீங்க. நான் அதைக் கொட்டத்தான் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். அவங்க வாங்க வாங்க நானும் எடுத்துட்டு வந்துடுறேன். கொட்டப் போறப்போ கை வர மாட்டேங்குது, நானே குடிச்சுடுறேன். அது என் தப்பு, ஒத்துக்கிறேன்.

உள்ள வச்சுப் பூட்டுங்க மிஸ், சீக்கிரம். எங்க தங்கச்சிக்குப் போன வாரம்தான் ஆறு வயசு முடிஞ்சுது. அவளுக்கு இருமலே கிடையாது.