டாக்டரையா

இல்ல தம்பி, நான் டாக்டர் இல்ல. எந்திரிக்காதீங்க, உக்காருங்க. உள்ள இருக்காங்க பாருங்க டாக்டரம்மா, அவங்களுக்கு வாக்கப்பட்டவன். அதான் நம்ம படிப்பு.

எல்லாம் இந்த அம்மாங்கிற வார்த்தையால வந்த வினை. அவ இங்க வந்த புதுசுல பொம்பள டாக்டர யாரு கண்டா? டாக்டரம்மான்னா டாக்டரோட சம்சாரம்னு நெனச்சுக்குவாங்க. ஸ்டெதாஸ்கோப்ப மாட்டிக்கிட்டு எதுக்க நிப்பா, அவகிட்டயே வந்து, ஐயா எப்பம்மா வருவாருன்னு கேப்பாங்க. அப்புறம் ஐயாவத் தேடிக்கிட்டு நம்ம கடைக்கு வந்துருவாங்க. நான் கடியாரம் ரிப்பேர் பண்றவன். ஒருத்தரு வந்து நாக்க நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. நானும் அவரு கையப் புடிச்சேன். நாடி பாக்குறேன்னு அவரு நெனச்சாரு. நான் மணி பாத்தேன்.

அட, உங்க கடியாரம் கூட ஓடுற சத்தம் சரியில்லையே. கழட்டுங்க பாப்போம். காசெல்லாம் வேணாம். எங்க போறீங்க? உங்க சம்சாரத்துக்குக் கொழந்த குறுக்க கெடக்கு, ஆபரேஷன் பண்ணணும்னாங்க. உங்க அண்ணன் வராம கத்திய எடுக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லியாச்சு. அவரு பஸ்ல வந்துக்கிட்டிருக்காரு. அதுவரைக்கும் சும்மாதான இருக்கீங்க, கொண்டாங்க.

பின்மூடி வந்துருச்சு. இனி அசையாதீங்க தம்பி. எள்ளு மாதிரி ஸ்குரூ, பெஞ்சு ஆடினாப் போயிரும்.

அண்ணன் வரட்டும்னு சொன்னீங்களே, அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். நானும் சொன்னவன்தான். எங்க பெரியவ பொறக்கறப்ப எங்களுக்கும் இதே கததான். டாக்டரம்மாவுக்குக் கீழ வேல பாத்த டாக்டரு எங்கிட்ட ஃபாரத்த நீட்டுறாரு. கணவர் கையெழுத்துன்னு கோடு போட்டிருக்கு. பொம்பள உடம்புக்குப் பொம்பளதான் கையெழுத்துப் போடணும்னு ஊரு ஊரா மேடை ஏறிப் பேசுறவளோட புருஷன் நான். எங்கம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்னேன். எங்கம்மா இருந்தது முன்னூறு மைலுக்கு அந்தாண்ட.

இவ படுத்த வாக்குலயே பேனாவப் புடுங்கினா. கணவர்ங்கிறத அடிச்சா, அவ பேர எழுதினா. நீ போயி பெஞ்சுல உக்காருன்னா. அந்தப் பெஞ்சுதான் இது.

அதோட விட்டுச்சா? மேலாபீஸ்லேருந்து கடுதாசி வருது. கணவர் கையெழுத்து இல்லாததால இந்த ஆபரேஷன் செல்லாதாம். இவ என்ன பண்ணா, நாப்பது நாள் புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயி அந்த அதிகாரி மேஜைல, ஃபைலு மேலயே படுக்க வெச்சுட்டா. செல்லாதுன்னா நீங்களே திருப்பி உள்ள வெச்சுக் குடுங்கன்னா. புள்ள யாரு, அவ பெத்ததாச்சே. ஃபைல நனச்சிருச்சு. சிரிக்காதீங்க தம்பி, ஸ்குரூ. அப்புறம் பதினோரு வருஷம் செருப்புத் தேய அலஞ்சா. இப்ப நோயாளி கையெழுத்துன்னு அச்சடிச்சே வருது.

ஆமா, நோயாளி மட்டுந்தான். அண்ணனும் வேணாம், நீங்களும் வேணாம்.

உங்க சம்சாரமா? அது அப்பவே கையெழுத்துப் போட்டுருச்சு. கொழந்தைக்கு நெஞ்சுத் துடிப்பு கொறயுது, பஸ்ஸு வர்ற வரைக்கும் தாங்காதுன்னு சொன்னாங்க. அந்தப் பொண்ணு உங்களக் கேக்கல தம்பி, பேனாவக் கேட்டுச்சு.

கோவப்படுங்க, நியாயந்தான். உக்காந்துக்கிட்டே படுங்க. முன்னாடி ஒருத்தரு இப்படித்தான் கோவத்துல கதவ ஒடச்சுக்கிட்டு உள்ள போயிட்டாரு. அவ கைல கத்தி, வயித்தத் தொறந்து வெச்சிருக்கா. ரெண்டு உசுரயும் காப்பாத்துறதுக்குள்ள அவளுக்குத் தல நரச்சுப் போச்சு. அதுலேருந்து கடைய இந்தப் பெஞ்சுக்கு மாத்திக்கிட்டேன். உள்ள அவ வேல, வெளிய என் வேல.

இருங்க, கேக்குதா? நல்ல தொண்ட. பொண்ணாத்தான் இருக்கும். அழாதீங்க தம்பி, மொதல்ல கையக் கழுவிக்கிட்டு வாங்க, சும்மா தூக்கக் குடுக்க மாட்டா.

இந்தாங்க கடியாரம். பொறந்த நேரத்தக் குறிச்சுக்கங்க, சரியாத்தான் காட்டும். முப்பது வருஷமா இந்தப் பெஞ்சுல நான் தொறந்த கடியாரத்துல ஒண்ணுல கூட கோளாறு இருந்ததில்ல.