தாடை இருந்த பாதி

கல் துலக்குகிறவனுக்கு முதலில் போவது கழுத்து, பிறகு கண். எனக்கு இரண்டும் நன்றாக இருக்கின்றன. சந்தோஷமாக வேலை செய்தால் உடம்பு தாங்கும், ஐயா.

ஒட்டகச் சிலந்தி கல்லில் பதிந்து கிடைப்பது அபூர்வம். உலகத்திலேயே விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் ஆய்வகத்து ஆய்வாளரம்மாவின் கல்லில் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் முன்தாடை தெரியவில்லை. தாடை இருந்தால்தான் அது ஒட்டகச் சிலந்தி. இல்லையென்றால் ஏதோ ஒரு பழைய எட்டுக்கால். அவருடைய வேலையே அந்தத் தாடையில் தொங்கியது. நான் ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். தினமும் வந்து குனிந்து பார்ப்பார்.

“அண்ணே, இன்னைக்காவது பல்லைக் காட்டுச்சா?”

“முப்பது கோடி வருஷமா வாயை மூடிக்கிட்டு இருக்கும்மா. நீங்க கேட்டதும் சிரிச்சிடுமா?”

அவர் சிரிப்பார். அன்று எனக்குத் தரையில் கால் பாவாது. ஐம்பத்திரண்டு வயதில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவேன்.

இந்த வகைக் கல் இரண்டாகப் பிளக்கும். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். மறு பாதி கல் வந்த பெட்டியில் இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அது என் இழுப்பறையில் இருந்தது. இடுக்கி போல இரண்டு தாடைகள், அவ்வளவு அழகு. மறுநாளே கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். கொடுத்துவிட்டால் என் அறைக்கு எதற்கு வருவார்? அப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது.

ஐந்தாம் வருடம் அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊருக்குக் கிளம்பியவரிடம், “இருங்கம்மா, நாளைக்குத் தெரிஞ்சிடும் போல” என்றேன். தங்கிவிட்டார். மறுநாள் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து திரும்பியவர், ஒரு வாரம் என் அறையில் உட்கார்ந்து அழுதார். தேநீர் போட்டுக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது நல்ல வாரம்.

போன மாதம் ஆய்வுக் குழு, அவர் இல்லாததை இருப்பதாகச் சொல்கிறார் என்று எழுதி வேலையிலிருந்து நீக்கியது. என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். அவர் போனதும் மறு பாதியை எடுத்தேன். தாடை வெளியே வந்தால் அவர் பெரிய ஆள், எங்கோ போய்விடுவார். வராவிட்டால் என்றைக்காவது தேடிக்கொண்டு என்னிடமே வருவார். ஊசியை வைத்தேன். நாற்பது நிமிடத்தில் தாடை இருந்த இடத்தை வழவழவென்று ஆக்கிவிட்டேன். நீங்கள் விசாரணைக்கு வந்து என் இழுப்பறையில் எடுத்த கல் அதுதான்.

எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், ஐயா. அப்பா விஷயத்தையும் விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டால் என்னைப் பார்க்க வராமல் இருக்க மாட்டார்.