‘கிளம்பிட்டா’ என்று போன செய்தி

“என்னையே தூக்கிட்டியாடி?”

“கத்தாதேக்கா. கீழ் வீட்ல காது வெச்சிருப்பாங்க.”

கீழ் வீடு என்றால் நான்தான். வைத்திருந்தேன், உண்மை. தலைக்கு மேலே இப்படி இரைந்தால் காதில் பஞ்சா வைத்துக்கொள்வது?

“கேக்கட்டும்! அந்த ப்ராஜெக்ட்ட கண்ணி கண்ணியா கோத்தது நானு. உன்னை அதுல சேத்துவிட்டதும் நானு. காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தா, என் பேரை எடுத்துட்டு நீ உக்காந்துக்குவியா?”

“மேனேஜர்தான் எடுக்கச் சொன்னாரு.”

“சொன்னது அவன்... அமுக்கின கை யாரோடது?”

படியில் செருப்புச் சத்தம். சின்னவள் மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்தக் கதவைச் சாத்திவிட்டுக் கிட்டே வாருங்கள், சொல்கிறேன். இவர்கள் என் சிநேகிதியின் அத்தை மகள்கள். இருவருக்கும் ஒரே பார்சல் கம்பெனி. ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலையைத் தானே கிளப்பிவிடும் மென்பொருள் ஒன்று அங்கே உண்டு. சரக்கு உள்ளே வந்தால் ரசீது போகும். ரசீது போனால் டிரைவருக்குச் செய்தி போகும். அத்தனையும் பெரியவள் கட்டியது. அதற்குள் தங்கைக்காகவும் ஒன்றைச் செருகி வைத்திருந்தாள். சின்னவள் வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்து வெளியே வந்தால், பெரியவள் போனுக்கு ‘கிளம்பிட்டா’ என்று வரும். உடனே ஸ்கூட்டரை எடுப்பாள். கிடங்குக்குப் பின்னால் உள்ள சாலை அப்படி... விளக்கு கிடையாது, வீடு கிடையாது, இரண்டு பக்கமும் மதில்.

சின்னவள் அக்கா பெயரை எடுத்தபோது மென்பொருள் கேட்டதாம்: ‘இவருக்குப் போகும் செய்திகள் எல்லாம் நின்றுவிடும். சம்மதமா?’

மகராசி, படிக்காமலே ‘சம்மதம்’ அமுக்கினாள். தலைமைப் பதவி கண்ணை மறைத்தது. மேனேஜர் வேறு அவளைப் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்.

அன்று இரவு எட்டு மணி. தூறல். பெரியவள் மழைக்கோட்டோடு இறங்கி வந்தாள். நெற்றி முழுக்கத் தைலம். படியெல்லாம் அந்த நெடி. கையில் தங்கைக்கான சின்ன ஹெல்மெட்.

“அவ்வளவு சண்டை போட்டீங்க?” என்றேன். கேட்காமல் இருக்க வருமா எனக்கு?

“அதுக்காக இருட்டுல விட முடியுமாக்கா? இன்னிக்குச் செய்தியே வரல. போனும் அணைஞ்சிருக்கு.”

செய்தி எப்படி வரும்?

சின்னவள் அதற்குள் மேனேஜர் காரில் ஏறிப் போய், எங்கோ குளிர்சாதன அறையில் பதவி கிடைத்ததற்கு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்குப் போன பெரியவளிடம் “எல்லாரும் போயாச்சும்மா” என்றிருக்கிறார் காவல்காரர். தங்கை நடந்துதான் போயிருக்கிறாள் என்று நினைத்து, அந்தச் சாலையில் போவதும் திரும்புவதுமாக... பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே. முகப்பு விளக்கு எரியாத லாரி ஒன்று வந்தது.

ஸ்கூட்டர் கிடைத்தது. அவள் உடல் கிடைத்தது. சின்ன ஹெல்மெட் மட்டும் கிடைக்கவில்லை. போலீஸ்காரர்கள் புதரெல்லாம் தேடினார்கள்.

அழுது முடித்து, சின்னவள் மறுபடி வேலைக்குப் போனாள். ப்ராஜெக்ட் இப்போது அவளுடையது. அதில் ஏதாவது சிக்கினால் தகவல் அவளுக்குத்தான் வரும். அட்டையைத் தேய்த்து வெளியே வரும்போதெல்லாம் போன் துடிக்கும்: ‘கிளம்பிட்டா. பெறுநர் இல்லை.’ தினமும். எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவளைத்தான் எடுத்துவிட்டாளே.

ஒரு நாள்... அட்டையைத் தேய்த்தாள். போன் துடித்தது.

‘கிளம்பிட்டா. பெற்றுக்கொண்டார்.’

பெறுநர் பட்டியலைத் திறந்து பார்த்தாள். அக்கா பெயர் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி துடித்தது.

‘படித்துவிட்டார்.’

இருட்டுக்குள்ளிருந்து ஹாரன். பீப், பீப். குட்டியாய் இரண்டு. பெரியவள் அப்படித்தான் அடிப்பாள். பிறகு நனைந்த மழைக்கோட்டு வாடை... தைலம்... வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின், டப டப டப. வெளிச்சம் மட்டும் இல்லை.

கேட்டுக்குள் திரும்பி ஓடினவள், காவல்காரர் அறையிலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பிறகு போகவே இல்லை.

மேனேஜர் முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டார். அதே பல், அதே சிரிப்பு. சின்னவள் விமானத்தில் போகும் தூரத்துக்குப் போய், ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அங்கே அட்டை கிடையாது, கேட் கிடையாது, வீட்டிலிருந்தே வேலை.

போன வாரம் அந்த மாப்பிள்ளை என் சிநேகிதியிடம் போனில் பேசியிருக்கிறார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

“இவ லேப்டாப்ப மூடினதும் கீழ யாரோ ஹாரன் அடிக்கிறாங்க, அக்கா. எட்டிப் பார்த்தா ஆள் இல்ல. நேத்து இறங்கிப் போயே பார்த்துட்டேன். வாசக் கதவு கைப்பிடியில ஒரு சின்ன ஹெல்மெட்ட மாட்டிட்டுப் போயிருக்காங்க. இங்க மழையே இல்ல... அது சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. தைல வாடை வேற. யாரோடதுன்னு தெரியல, இவளுக்குப் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி இருக்கு.”